வறண்டது என்று எழுதிய வாரங்கள்

சமையலறை ஜன்னல் மேடையில் இருந்த கண்ணாடித் தம்ளர்களைத் தொடக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போனேன். வீட்டுக்காரரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், ஓடிவந்து என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அது கரைத் தண்ணி. வச்சிரு. ஆட்டாம வை."

மொத்தம் ஐந்து தம்ளர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டுச் சீட்டு, சீட்டில் தேதியும் மணியும். முதல் நான்கும் குடிக்கலாம் போலத் தெளிவாக இருந்தன. நான் எடுத்த ஐந்தாவது அப்படி இல்லை. நல்ல வேளையாக அக்கா பார்த்தாள்.

நான் அந்த வீட்டின் முன்னறையில் மூன்று வருடமாக வாடகைக்கு இருந்தவள். பால் சேகரிப்பு நிலையத்தில் பரிசோதகர் வேலை. எந்தக் கேனில் தண்ணீர், எந்தக் கேனில் மாவு என்று பார்த்து நேருக்கு நேர் சொல்ல வேண்டும். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. வீட்டுக்காரருக்கு மட்டும் என்மேல் ஒரு மரியாதை. 'டெஸ்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கும் என்னைப் போலவே நாள் முழுக்கத் தண்ணீரைச் சந்தேகப்படுகிற வேலை.

அவர் கரைக்காவலர், ஊருக்குக் கரைக்காரர். ஊருக்கு மேலே, இரண்டு மேடுகளுக்கு நடுவில், முப்பதடி உயரத்துக்கு மண்ணால் கட்டிய வெள்ளத் தடுப்பு அணைதான் அந்தக் கரை. அணை என்றதும் காலண்டர் படம் மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். வருடத்தில் பத்து மாதம் உள்ளே முழங்கால் அளவுக்கு ஒரு குட்டை, அதைச் சுற்றி ஆடு. மழைக்காலத்தில் மேலேயிருந்து ஒரேயடியாக இறங்கும் வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தி, அடியில் இருக்கும் பெரிய குழாய் வழியாக மெல்ல மெல்ல வெளியே விடுவது மட்டும்தான் அதன் வேலை. அது வந்த பிறகு ஊருக்குள் வெள்ளம் வரவில்லை. வெள்ளம் வரவில்லை என்றதும், முன்பு யாரும் சீந்தாத பள்ளத்தில் நாற்பது வீடு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, பக்கத்து மேட்டில் மர அறுவை மில்கூட வந்தது. கரை போனால் தங்கள் கதி என்ன என்று அந்த நாற்பது வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அதை யோசிக்கத்தான் கரைக்காரருக்குச் சம்பளம் என்று இருந்துவிட்டார்கள்.

அவரும் குறை வைக்காமல் யோசித்தார். கரைப் புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு மேல் வளர விடமாட்டார். புல் நெடுகிலும் ஒரே உயரமாக இருந்தால்தான் எலி வளையும் ஈரமும் கண்ணுக்குத் தெரியும் என்பார். எங்கேயாவது ஒரு மரக்கன்று முளைத்துவிட்டால் அவருக்குப் பல்வலி வந்த மாதிரி, பிடுங்கும்வரை நிம்மதி இருக்காது. வேர் போன வழியில் தண்ணீர் போகும் என்பது அவர் கணக்கு. பெரிய குழாயின் வாயில் இருக்கும் இரும்புக் கம்பிகளில் சருகு, பிளாஸ்டிக், செத்த கோழி என்று எது சிக்கினாலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலேயே எடுப்பார்.

அதெல்லாம் போக, கசிவுக் குழாய் என்று ஒன்று உண்டு. எவ்வளவு இறுகின மண்ணாக இருந்தாலும் கரைக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊறத்தான் செய்யும். ஊறியது வெளியேறுவதற்காகக் கரையின் காலடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். வாரம் ஒரு முறை அதன் வாயில் ஒரு லிட்டர் செம்பைப் பிடித்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

நான் குடிவந்த முதல் வருடம் அந்தக் குழாயில் ஒழுக்கு கொஞ்சம் கூடியது. கரைக்காரர் பயந்துபோய், கோடையில் ஆள் வைத்துக் களிமண் குழைத்து, கரையின் உள்பக்கச் சரிவு முழுக்கப் பூசி அடித்து இறுக்கினார். பத்து நாள் வேலை. அவரும் கூடவே நின்று அடித்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். அது முடிந்து மூன்று வாரத்தில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்போதிருந்த பழைய எஞ்சினியர் வந்து பார்த்து அவர் தோளில் தட்டி, பதிவேட்டில் 'வறண்டது' என்று எழுதச் சொன்னார். அன்றிலிருந்து வாராவாரம் கரைக்காரர் வறண்டது, வறண்டது என்றே எழுதினார். இரண்டு வருடமாக மழையும் பேருக்குத்தான் பெய்தது.

இந்தக் கதையை அவர் யாரிடம் சொல்லவில்லை என்று கேட்டால் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். பஸ் கண்டக்டர், மில் முதலாளி, மாட்டு டாக்டர், வழி கேட்டு வந்த ஆள் ஒருவன், எல்லோருக்கும் சொன்னார். சாப்பிடும்போது சொன்னால் சோற்றுக் கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். "நீங்க நம்பமாட்டீங்க, ஒரு சொட்டு இல்ல. நம்ம களிமண்ணுல கரை இறுகிக் கட்டிக்கிச்சு" என்று முடிப்பார். முடித்த பிறகு கொஞ்ச நேரம் தானாகச் சிரித்துக்கொண்டிருப்பார்.

கட்டிக்கொண்டது கரை இல்லை. எதையும் மறைத்து வைத்துச் சொல்லும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழாயை அடைத்தது அக்காதான்.

அக்காவுக்கு ஒரு தம்பி, தையல்காரர். கரையின் காலடியில் மலிவாகக் கிடைக்கிறது என்று இடம் வாங்கி இரண்டு அறை வீடு கட்டினார். கரைக்காரர் முதலிலேயே தடுத்தார். "அது கரை மூத்திரம் போற எடம்டா, அங்க கட்டாதே" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். தையல்காரருக்கு ரோஷம் வந்து, அங்கேயேதான் கட்டினார். அன்றிலிருந்து மாமனுக்கும் மைத்துனனுக்கும் பேச்சில்லை. கசிவுக் குழாய்த் தண்ணீர் தையல்காரர் வீட்டு அஸ்திவாரத்தை உரசிக்கொண்டு ஓடியது. சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியது. துணிக்கட்டெல்லாம் பூஞ்சணம். அக்கா போகும்போதெல்லாம் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வருவாள்.

களிமண் வேலை முடிந்த பிறகு, கரைக்காரர் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அக்கா ஒரு பெயிண்ட் வாளியோடு பின்வாசல் வழியாகப் போவதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாளியில் சிமெண்டும் ஏதோ சுருட்டிய துணியும் இருந்தன. திரும்பி வந்தபோது முழங்கை வரைக்கும் சாம்பல் நிறம். என்னக்கா என்றேன். பூந்தொட்டி உடைந்தது, பூசினேன் என்றாள். அந்த வீட்டில் ஒரு பூந்தொட்டியும் கிடையாது.

கொஞ்ச நாளில் கரைக்காரர் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றபோது எனக்குப் பாதி புரிந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். குடியிருக்கிற வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று ஒரு கள்ளச் சமாதானம்.

இந்த வருட மழை வட்டியும் முதலுமாக வந்தது. பதினைந்து நாள் விடாமல் பெய்தது. குட்டையாகக் கிடந்த தண்ணீர் ஏறி ஏறி, கரையில் முக்கால் உயரத்துக்கு வந்து நின்றது. பெரிய குழாய் இரைச்சலோடு துப்பிக்கொண்டுதான் இருந்தது. வருவதுதான் அதிகமாக இருந்தது. பதிமூன்றாம் நாள், கரையின் வெளிச் சரிவில், குழாய்க்கு இருபது தப்படி தள்ளி, ஆள் உயரத்தில் ஓர் இடத்தில் புல் மட்டும் கரும்பச்சையாக இருப்பதைக் கரைக்காரர் பார்த்தார். மிதித்தார். கால் புதைந்தது. அதிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் வர ஆரம்பித்தது. குழாய் அடைபட்டதால் கரைக்குள்ளேயே தேங்கிய தண்ணீர் வேறு வழி தேடிக்கொண்டது.

தண்ணீர் தெளிவாக வரும்வரை பயமில்லை. கலங்கலாக வந்தால் அது கரையை உள்ளேயிருந்து தின்றுகொண்டு வருகிறது என்று அர்த்தம். அதனால்தான் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தம்ளர் பிடித்து ஜன்னல் மேடையில் வைத்திருந்தார்.

ஐந்தாவது தம்ளரை நான் மேடையில் வைத்த நேரம் அவர் உள்ளே வந்தார். உடம்பெல்லாம் சொட்டியது.

"டெஸ்டரம்மா, உங்க கண்ணு நல்ல கண்ணு. பாத்துச் சொல்லுங்க."

ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தேன். அடியில் ஒரு நகக் கனத்துக்கு மண் படிந்திருந்தது. மேலேயும் செம்மண் நிறம்.

"மண்ணு இருக்குண்ணே."

"நெசமாவா?"

"நல்லாவே இருக்கு."

அவர் அங்கேயே உட்கார்ந்து எஞ்சினியருக்குப் போன் போட்டார். பழைய எஞ்சினியர் மாற்றலாகிப் போய், ஆறு மாதமாக ஒரு சின்னப் பெண் அந்த வேலைக்கு வந்திருந்தாள். போனை மேடையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றுவிட்டது.

"கலங்கலா வருதுன்னா அதை அடைக்காதீங்க, வேற எடத்துல பிச்சுக்கும்" என்றாள் எஞ்சினியர். "மேல மணல் போடுங்க. அதுக்கு மேல பொடி ஜல்லி, அதுக்கு மேல பெரிய ஜல்லி. தண்ணி வரட்டும், மண்ணு மட்டும் வரக் கூடாது. பாலத்துக்கு மேல தண்ணி போகுது, நான் நாளைக்குத்தான் வர முடியும். கீழ இருக்கறவங்கள இப்பவே மில் மேட்டுக்குப் போகச் சொல்றேன்."

"அம்மா, நான் பத்தொம்பது வருஷமா இந்தக் கரையில நடக்கறேன். இதுக்குக் களிமண்ணுதான் சரி. போன தடவ களிமண்ணு போட்டுத்தான் நிறுத்தினேன். பதிவேட்டு நகல் உங்ககிட்டத்தான இருக்கு, பாருங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ஆமா. நூத்திப் பத்து வாரமா வறண்டதுன்னுதான் இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "அது உள்பக்கம் போட்டது. இப்போ வெளிப்பக்கம் போடறது வேற விஷயம் இல்லையா?"

"மண்ணு மண்ணுதாம்மா. ஒரு சொட்டு வரல. நீங்க அப்ப இல்ல."

"எனக்கு மனசு ஒப்பல. ஆனா பதிவேடு இப்படிச் சொல்லும்போது நான் என்ன சொல்றது. மணலையும் ஜல்லியையும் பக்கத்துலயாவது வச்சுக்குங்க."

போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "படிச்ச பொண்ணுதான். கை பட்டாத்தான தெரியும்." வேகமாக வெளியே போனார். மில்லிலிருந்து நான்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு களிமண் எடுக்கும் குழிக்குப் போகிற சத்தம் கேட்டது.

நான் அன்று வேலைக்குப் போகவில்லை. பாலம் மூழ்கிவிட்டதால் பால் வண்டியும் வராது. அக்கா ஐந்து பேருக்குச் சோறு வைத்தாள். குழம்புக்கு இரண்டு தடவை உப்பு போட்டாள். பின்கதவைத் திறப்பாள், கரையைப் பார்ப்பாள், சாத்துவாள், மறுபடி திறப்பாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஜன்னலிலிருந்து பார்த்தால், இரும்புச் சட்டியில் களிமண்ணைச் சுமந்துகொண்டு ஆட்கள் சரிவில் வழுக்கி வழுக்கி ஏறுவது தெரிந்தது.

"நீ அன்னைக்குப் பாத்தே இல்ல?" என்றாள் அக்கா, முதுகைக் காட்டிக்கொண்டு.

"எதை?"

"நடிக்காத. நான் வாளியோட போனப்போ ஜன்னல்ல நின்னே."

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"பூந்தொட்டின்னு சொன்னீங்க."

"இந்த வீட்டுல ஏது பூந்தொட்டி? ஊர்ல உள்ளவன் பாலையெல்லாம் மூஞ்சிக்கு நேரா தண்ணின்னு சொல்ற. என்கிட்ட மட்டும் வாய் எங்க போச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை.

"இப்ப சொல்லிடுங்கக்கா. அன்னைக்கு அந்தக் களிமண்ணால கசிவு நின்னுச்சுன்னு நெனச்சுத்தான் இன்னைக்கும் அதையே போடறாரு. அது தப்புன்னு நீங்க சொன்னாத்தான் அவரு நம்புவாரு."

"எனக்குத் தெரியாதா? காலையிலேர்ந்து அதத்தான மென்னுக்கிட்டு இருக்கேன்." கரண்டியை வைத்தாள். "சொன்னா மனுசன் ஒடஞ்சிடுவாரு."

"சொல்லலன்னா கரை ஒடைஞ்சிடும்."

"வசனம் பேசாத. குடைய எடு."

குடையோடு அவள் நேராகக் கரைக்குப் போகவில்லை. தம்பி வீட்டுக்குப் போனாள். தெருவில் பாதி வீடுகளில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் வாசலில் நின்று, பத்தொன்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லை, இப்போது மட்டும் என்ன ஆகிவிடும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். மனைவியையும் குழந்தையையும் மில் மேட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார். சுவர் நல்ல வெள்ளையாக, காய்ந்து இருந்தது.

"குழாய எடுத்து விடப் போறேன்" என்றாள் அக்கா.

தையல்காரர் எந்தக் குழாய் என்று கேட்கவில்லை. மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் அக்கா.

"என் வீட்டு மூட்டையில சிமெண்டு கொறஞ்சப்பவே தெரியும்க்கா. நீ சொல்லல, நானும் கேக்கல."

அப்படியானால் எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. தெரியாத ஒரே ஆள் அங்கே மேலே மண் சுமந்துகொண்டிருந்தார்.

"எம்பது சட்டை வெட்டி வச்சிருக்கேன். எடுத்து விட்டா நேரா இங்கதான் வரும். ரெண்டு நாள் பொறு, மழை விட்டுடும்."

"மழை உன்கிட்டச் சொல்லிட்டுப் போச்சா?"

"மாமாவுக்குத் தெரிஞ்சா உன்னச் சும்மா விடுவாரா?"

"அது என் பாடு. துணியத் தூக்கி மேட்டுக்குக் கொண்டு போ. மெஷினையும் தூக்கு. அரை மணி நேரம் இருக்கு உனக்கு."

"நீ எனக்கு அக்காவா, இல்ல கரை ஆபீஸா?"

அக்கா சுவரில் ஒரு தடவை கையை வைத்துப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, குடையை என் கையில் கொடுத்துவிட்டு, மழையில் நடக்க ஆரம்பித்தாள்.

கரைச் சரிவில் பாய் அகலத்துக்குக் களிமண் அப்பியிருந்தார்கள். கரைக்காரர் அதன்மேல் நின்று மரக்கட்டையால் அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார் என்று சொல்ல வேண்டும். ஆட்களை வேலை வாங்கும்போதே, போன தடவை பத்து நாளில் எப்படி அடித்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சோறா? வச்சிரு, வர்றோம்" என்றார்.

"அந்த மண்ண எடுங்க."

"என்ன?"

"மண்ண எடுங்கன்னேன். அன்னைக்குக் கசிவு நின்னது உங்க மண்ணால இல்ல. குழாய நான் அடைச்சேன்."

அவர் சிரித்தார். "எந்தக் குழாய?"

"உங்க கசிவுக் குழாய. துணியச் சுருட்டி உள்ள தள்ளி, சிமெண்ட வச்சுப் பூசினேன். தம்பி வீட்டுச் செவுரு நனையுதேன்னு."

ஒரு ஆள் தலையில் இருந்த சட்டியை மெல்ல இறக்கி வைத்தான். நான்கு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். கரைக்காரர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"அப்போ அந்த மண்ணு?" என்றார்.

"அது பாட்டுக்கு இருந்துச்சு."

"பத்து நாள் அடிச்சேனே."

"அடிச்சீங்க."

"கையெல்லாம் கொப்புளமாச்சே."

"நான்தான எண்ணெ போட்டு விட்டேன்."

அவர் கட்டையைப் பிடித்தபடி நின்றார். திட்டவில்லை. அடிக்கக் கை ஓங்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பத்தொன்பது வருடம் நடந்த கரையின்மேல் எங்கே கால் வைப்பது என்று தெரியாத மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே" என்று ஒரு ஆள் கூப்பிட்டான். "இங்க புதுசா வருது."

அப்பிய களிமண்ணுக்கு இரண்டு முழம் கீழே, புல்லைப் பிளந்துகொண்டு விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. டீ நிறத்தில் இருந்தது. கரைக்காரர் அதைப் பார்த்தார். அந்த நிமிடம் அவர் மறுபடியும் கரைக்காவலர் ஆனார்.

"களிமண்ண அள்ளி அந்தப் பக்கம் போடுங்கடா. எல்லாத்தையும். ரெண்டு பேரு மணல் கொண்டாங்க, மொதல்ல மணல். ஜல்லி அப்புறம். கடப்பாரைய எங்கிட்டக் குடு."

அவசரத்துக்கென்று கரையோரம் குவித்து வைத்திருந்த மணல், பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. படி பூச ஒரு சட்டி, கக்கூஸ் கட்ட இரண்டு சட்டி என்று தெருவே வருடக்கணக்காக அள்ளிக்கொண்டு போன மணல். ஆட்கள் தெருவுக்கு ஓடினார்கள். வாசலில் நின்று வியாக்கியானம் பேசியவர்கள் டீ நிறத் தண்ணீரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, பாதி கட்டிய ஒரு வீட்டிலிருந்து மணலையும் ஜல்லியையும் குடத்திலும் வாளியிலும் கொண்டுவந்தார்கள்.

கரைக்காரர் குழாய் வாயின் முன்னால் மண்டியிட்டு, கடப்பாரையை உள்ளே விட்டார். ணங்கென்றது.

"இன்னும் உள்ள" என்றாள் அக்கா. "என் முழங்கை அளவு. இடது பக்கம் குத்துங்க, அங்க சிமெண்டு பத்தல."

அவர் திரும்பிப் பார்க்காமல் இடது பக்கம் குத்தினார். பத்து குத்து, இருபது குத்து. கட்டி கட்டியாகச் சிமெண்டு வந்தது. அப்புறம் துணியின் ஒரு முனை. பிடித்து இழுத்தார். வழுவழுவென்று நீளமாக வந்தது. காக்கித் துணி, பித்தான் வைத்தது, அவருடைய பழைய சட்டை.

"இதத் தேடினேன்" என்றார்.

அதற்குமேல் பேச நேரம் இல்லை. உள்ளே ஒரு உறுமல் கேட்டு, கறுப்புச் சேறு அவர் மார்பில் அடித்தது. பிறகு தண்ணீர் பாய்ந்தது. பழைய வழியை அது மறக்கவே இல்லை. நேராகத் தையல்காரர் வீட்டு வாசலுக்குப் போய், படியேறி உள்ளே நுழைந்தது. தையல்காரர் மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்களைக் கடந்து போகும்போது அக்காவைப் பார்க்கவில்லை. எண்பது சட்டையில் முப்பதைத்தான் எடுக்க முடிந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

பொழுது சாய்வதற்குள் மணலும் ஜல்லியும் மூன்று அடுக்காகப் போட்டு முடித்தார்கள். ஜல்லிக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது, வேகம் மட்டும் குறைந்திருந்தது. தெருவில் அன்று யாரும் தங்கவில்லை. மறுநாள் காலையில் கரைக்காரர் பிடித்த தம்ளரை நான் பார்த்தேன். மண் இல்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

மத்தியானம் எஞ்சினியர் வந்தாள். முழங்கால் வரைக்கும் சேற்றோடு எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். குழாயை யார் அடைத்தது என்று கேட்டாள்.

"என் வீட்டுல" என்றார் கரைக்காரர்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நூத்திப் பத்து வாரம் நீங்கதான பாத்தீங்க? ஒரு தடவ கூட குழாய்க்குள்ள கைய விட்டுப் பாக்கத் தோணலையா? மண்கரையில கசிவே இல்லன்னா அதுதான பயப்பட வேண்டிய விஷயம்?"

அவர் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வறண்டதுன்னு எழுத ஆசையா இருந்துச்சும்மா" என்றார்.

அந்தப் பெண் நோட்டில் எழுத எடுத்த பேனாவை மூடிவிட்டாள். மேலே அறிக்கை போகும், விசாரணை வரும், தையல்காரர் வீடு அங்கே இருக்க முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். வேலை போகுமா என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்தது. தையல்காரர் மில் மேட்டில் ஒரு கொட்டகையில் மெஷினைப் போட்டிருந்தார். அக்கா கொடுத்தனுப்பிய சோற்றுப் பாத்திரம் திறக்காமலே திரும்பி வந்தது. அதைக் கழுவி வைத்துவிட்டு அவள் வேறு வேலை பார்க்கப் போனாள். எனக்கு அந்த வீட்டில் இருப்பதே கூச்சமாக இருந்தது. வேறு இடம் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கரைக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனவள், திரும்பி வர முடியாமல் பானை பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

"அந்தக் கதைய எத்தன பேர்கிட்டச் சொல்லியிருப்பேன்" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டு.

அக்கா குழம்பை ஊற்றினாள்.

"ஒவ்வொரு தடவையும் நீ பக்கத்துல நின்னு சோறு போட்டுக்கிட்டுதான இருந்தே. யாரும் இல்லாதப்போ ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல? உன் தம்பிக்காகவா மறைச்சே?"

"மொத மாசம் தம்பிக்காக."

"அப்புறம்?"

அக்கா கரண்டியைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியது எனக்குத் தெரிந்தது.

"அதச் சொல்லும்போது உங்க மொகம் நல்லா இருந்துச்சு" என்றாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் அப்படிப் பாத்ததே இல்ல."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்க வெகுநேரம் ஆனது. பிறகு தட்டை அவள் பக்கமாக நகர்த்தி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.